நாமும் நாங்களும்: சில சிறு சொற்களின் வரலாறு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறிய சொற்களைப் பற்றியது. ஆங்கில இலக்கண நூலைத் திறந்தால் தொடக்கப் பாடங்களிலேயே அவை உங்களை எதிர்கொள்ளும். 'ஐ', 'வீ', 'யூ', 'ஹீ', 'ஷீ', 'தே' என்று கட்டம் போட்டு அச்சிட்டிருப்பார்கள். சில பக்கங்கள் தள்ளி, 'சம்படி', 'எனிபடி', 'எவ்ரிபடி', 'நோபடி' என்று வேறொரு கூட்டம் நிற்கும். முன்னவை தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தையும் காட்டுவன. பின்னவை இன்னார் என்று வரையறுக்காமல் பொதுவாகச் சுட்டுவன. இரண்டையும் பெயருக்குப் பதிலாக வருவதால் பிரதிப்பெயர் என்கிறோம்.

இந்தக் கட்டங்களை மனப்பாடம் செய்வது எளிது. ஆயினும், ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்ற காலமெல்லாம் மாணவர்கள் என்னிடம் கேட்ட வினாக்கள் கட்டத்துக்குள் அடங்குவனவாக இல்லை. ஒருவரை நோக்கிப் பேசும்போதும் ஏன் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருகிறது? 'எவ்ரிபடி' என்றால் எல்லாரும் என்று பொருள். அதற்கு ஏன் ஒருமை வினை? 'வீ' என்பது நாமா, நாங்களா? இவை அறியாமையால் எழுந்த வினாக்கள் அல்ல, நல்ல வினாக்கள். இவற்றுக்கு விதி விடை தராது. வரலாறுதான் விடை தரும். அவ்வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். தன்மைப் பெயர்களாகத் தொல்காப்பியம் கூறுவன யான், யாம், நாம் என்னும் மூன்று. இன்று நாம் நாள்தோறும் வழங்கும் 'நான்' அப்பட்டியலில் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, கங்க மரபில் வந்த சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். அந்நூலில் யான், நான், யாம், நாம் என்னும் நான்கும் இடம் பெற்றன. 'நாம்' என்பதைப் பார்த்து 'யான்' என்பது 'நான்' ஆயிற்று. அவ்வாறே 'யாங்கள்' என்பது 'நாங்கள்' ஆயிற்று. மொழி வளர்ந்தது, இலக்கணம் அதனை ஏற்றுக்கொண்டது. பழைய வடிவம் முற்றும் அழிந்துவிடவும் இல்லை. 'நான்' என்கிறோம், ஆனால் வேற்றுமை ஏற்கும்போது 'என்னை', 'எனக்கு', 'எனது' என்றே சொல்கிறோம். இந்த 'என்' யானோடு உறவுடையது. ஆங்கிலத்தில் 'ஐ' என்பது 'மீ' என்றும் 'மை' என்றும் மாறுவது கண்டு திகைக்கும் மாணவன், தன் தாய்மொழியிலும் அதற்கு ஒப்பான மாற்றம் இருப்பதை நினைத்தால் திகைப்பு நீங்கும்.

இனி, 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். 'நாம் சந்தைக்குப் போவோம்' என்றால் கேட்பவரும் உடன் வருகிறார். 'நாங்கள் சந்தைக்குப் போவோம்' என்றால் கேட்பவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். பேசுபவர் தம்மோடு யாரை உள்ளடக்கிப் பேசுகிறார் என்பதைக் காட்டுவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கண ஆசிரியர்கள் அழைத்தார்கள். அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரை உள்ளடக்கும் என்றும், எம், ஏம், ஓம் என்னும் விகுதிகள் படர்க்கையாரை உள்ளடக்கும் என்றும் நன்னூல் வகுத்துரைக்கிறது. வினை விகுதியில் இருந்த இந்த நுட்பம் இன்றைய வழக்கில் மறைந்துவிட்டது. 'போவோம்' என்று இரண்டுக்கும் ஒன்றையே சொல்கிறோம். பெயரில் மட்டும் அது குன்றாமல் நிற்கிறது.

நம் தருமபுரி மாவட்டம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடம். சேலம் மாவட்டத்திலிருந்து 1965 ஆம் ஆண்டு பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியிலிருந்து 2004 இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. கருநாடகத்தின் எல்லை ஒருபுறம். ஆந்திரம் சற்றுத் தொலைவில். ஆகவே இங்கே பள்ளியில் ஒரே பலகையில் அமரும் மூன்று பிள்ளைகளுள் ஒருவர் வீட்டில் தமிழும், ஒருவர் வீட்டில் தெலுங்கும், ஒருவர் வீட்டில் கன்னடமும் பேசப்படுவது புதுமையன்று. தமிழ்ப் பிள்ளைக்கு நாம், நாங்கள் என இரண்டு உண்டு. தெலுங்குப் பிள்ளைக்கும் 'மனமு', 'மேமு' என இரண்டு உண்டு. கன்னடப் பிள்ளைக்கோ இக்காலப் பொதுவழக்கில் 'நாவு' என்னும் ஒன்றே இரண்டு பொருளையும் தாங்குகிறது. எனவே ஆங்கிலத்தின் 'வீ' என்னும் சொல்லைக் கண்டு அப்பிள்ளை வியப்பதில்லை. 'இதில் நாம் எது, நாங்கள் எது?' என்று கேட்பவர்கள் மற்ற இருவருமே.

இந்த வேறுபாட்டை அறிஞர்களும் கண்டார்கள். கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் மூவிடப் பெயர்களுக்கு விரிவான இடம் தந்தார். ஒரு மொழி பிற மொழியிலிருந்து பொருட்பெயர்களை எளிதில் கடன் வாங்கும்; நான், நீ என்னும் சொற்களை எளிதில் வாங்காது. ஆதலால் அவை மொழிகளின் உறவுக்கு வலிய சான்றாகும். அவருக்கும் முன்பே, தமிழுக்கு வந்த ஐரோப்பியர் இச்சொற்களின் முன்னே தயங்கி நிற்க நேர்ந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715 ஆம் ஆண்டளவில் அச்சேறி முடிந்தது. இறைவனைத் தந்தையே என்று விளிக்கும் மன்றாட்டு ஒன்று அதில் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் 'அவர்' என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போன்ற ஒரு சொல்லே அங்கே போதும். தமிழிலோ 'நம்' என்பதா, 'எங்கள்' என்பதா என்று தேர்ந்தாக வேண்டும். 'நம் தந்தையே' என்றால் கேட்கும் கடவுளுக்கும் ஒரு தந்தை உண்டு என்று பொருள்பட்டுவிடும்! ஆகவே தமிழில் அம்மன்றாட்டு 'எங்கள்' என்றே வழங்குகிறது. ஒரு பிரதிப்பெயர் பிறழ்ந்தால் சமயக் கொள்கையே பிறழ்ந்துவிடும் என்பதற்கு இது சான்று.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு அறவே இல்லையா? ஓரிடத்தில் அதன் நிழல் இருக்கிறது. 'லெட் அஸ் கோ' என்பதை, 'எங்களைப் போகவிடுங்கள்' என்றும் கொள்ளலாம். 'நாம் போவோம்' என்றும் கொள்ளலாம். அதனையே சுருக்கி 'லெட்ஸ் கோ' என்றால் 'நாம் போவோம்' என்னும் பொருள் மட்டுமே உண்டு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆங்கிலத்தின் வரலாற்றுக்குள் நுழைவோம். நம் மாவட்டத்துக்கு ஆங்கில ஆட்சி வந்தது 1792 இல். சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகால் நாட்டை ஆள, அலெக்சாந்தர் ரீடு என்னும் படைத்தலைவரைக் கம்பெனியார் அனுப்பினார்கள். அவர் கீழ்ப் பணியாற்றிய தாமசு மன்றோ தருமபுரியில் தங்கி நிலவரித் தொழில் கற்றார். அவர்கள் கொண்டுவந்த ஆங்கிலம் அதற்குள் பல மாறுதல்களைக் கடந்து வந்த மொழி. அம்மாறுதல்களின் வடுக்கள் பிரதிப்பெயர்களில் நன்கு தெரிகின்றன.

பழைய ஆங்கிலத்தில் 'ஐ' என்பதன் வடிவம் வேறு. அதன் இறுதியில் ஒரு மெய்யொலி இருந்தது. அவ்வொலி தேய்ந்து ஒற்றை எழுத்தாக நின்றபோது, கையெழுத்துச் சுவடியில் அச்சிறிய எழுத்து கண்ணுக்குத் தப்பும் அல்லது பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே எழுதுவோர் அதனைப் பெரிதாக எழுதலாயினர். ஆங்கிலேயர் செருக்கினால் தம்மைப் பெரிய எழுத்தால் குறித்தார்கள் என்று சிலர் சொல்வது கட்டுக்கதை.

'தே' என்னும் சொல்லோ இன்னும் வியப்புக்குரியது. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வடபுலத்தாரின் மொழியிலிருந்து வந்தது. மூவிடப் பெயரை ஒரு மொழி எளிதில் கடன் வாங்காது என்றேன். ஆங்கிலம் வாங்கியதற்குக் காரணம் உண்டு. அவன், அவள், அவர்கள் என்பவற்றுக்குரிய அதன் பழைய சொற்கள் ஒலித்தேய்வினால் ஒன்றோடொன்று மயங்கத் தொடங்கின. பொருளை வேறுபடுத்த முடியாத நிலை வந்தபோது, பக்கத்து வீட்டார் சொல் தெளிவாக இருக்கக் கண்டு மக்கள் அதனை எடுத்துக்கொண்டார்கள். 1400 இல் மறைந்த சாசர் என்னும் பெருங்கவிஞர் எழுவாயில் இப்புதிய சொல்லை வழங்கினார். 'அவர்களை', 'அவர்களுடைய' என்னும் பொருளில் பழைய வடிவங்களையே வழங்கினார். மாறுதல் பாதி வழியில் நின்ற காட்சியை அவருடைய நூல்களில் காணலாம்.

அடுத்தது 'யூ'. ஆங்கிலத்தில் முன்பு 'நீ' என்பதற்குத் 'தௌ' என்னும் சொல் இருந்தது. 'யூ' என்பதும் அதன் எழுவாய் வடிவமும் 'நீங்கள்' என்னும் பன்மைக்கே உரியன. பிரெஞ்சு மொழியின் பழக்கத்தைப் பின்பற்றி, பெரியவர் ஒருவரையும் பன்மையால் அழைப்பது மரியாதை என்னும் வழக்கம் பரவியது. அதன்பின் 'தௌ' என்பது கீழோரையும், நெருங்கியவரையும், கடவுளையும் அழைக்கும் சொல்லாயிற்று. சில வேளைகளில் இழிவுபடுத்தும் சொல்லாகவும் ஆயிற்று. 1603 இல் சர் வால்டர் ராலே என்னும் பெருமகன் மீது அரசத்துரோகக் குற்றம் சாட்டி வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் கோக்கு, மன்றத்தில் வேண்டுமென்றே அவரைத் 'தௌ' என்று அழைத்து அவமதித்தார்.

இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து ஒரு கூட்டத்தார் எழுந்தனர். குவேக்கர் எனப்படும் அவர்கள், கடவுள்முன் மாந்தர் அனைவரும் சமம். ஆகவே அரசனாயினும் நீதிபதியாயினும் ஒருவரை ஒருமையிலேயே அழைப்போம் என்றார்கள். அவர்களுடைய தலைவர் சார்சு பாக்சும் தோழர்களும் 1660 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆசிரியர்க்கும் அறிஞர்க்கும் ஒருமை பன்மை கற்பிக்கும் பலகை என்னும் கருத்தில் அதற்குப் பெயரிட்டு, பல மொழிகளிலிருந்து இலக்கணச் சான்றுகளைத் திரட்டித் தந்தார்கள். ஒரு பிரதிப்பெயருக்காகக் குவேக்கர்கள் அடிபட்டார்கள். நீதிபதிகளின் சினத்துக்கு ஆளானார்கள். எனினும் உலகம் வேறு வழியில் சென்றது. எல்லாரையும் 'தௌ' என்று அழைத்துச் சமமாக்குவதற்குப் பதிலாக, எல்லாரையும் 'யூ' என்று அழைத்துச் சமமாக்கியது. பொது வழக்கிலிருந்து 'தௌ' மறைந்தது. 'யூ' ஒருவருக்கு வந்தாலும் தன் பழைய பன்மை வினையை விடவில்லை. 'யூ ஆர்' என்பதன் விளக்கம் இதுவே.

தமிழில் நடந்ததைச் சற்று ஒப்பிடுங்கள். தகடூர் என்பது நம் தருமபுரியின் பழம்பெயர். அந்நகரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, பெறற்கரிய நெல்லிக்கனியை ஔவையாருக்கு அளித்தான். அதனைப் பெற்ற ஔவையார் அவனை வாழ்த்திய பாடல் புறநானூற்றின் 91 ஆம் பாட்டு. வேந்தனும் வியக்கும் அவ்வீரனை அவர் 'நீ' என்றே அழைக்கிறார். அதில் அவமதிப்பு இல்லை. அக்காலத்தில் ஒருவரை அழைக்க அதுவே சொல். தொல்காப்பியர் முன்னிலைக்குச் சொன்னவை நீ, நீயிர் என்னும் இரண்டே. நன்னூலில் நீவிர், நீர் என்பனவும் சேர்ந்தன. பின்னர் 'நீர்' ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாயிற்று, அதுவும் போதாமல் 'நீங்கள்' வந்தது, 'தாங்கள்' வந்தது. ஆங்கிலம் படிகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. தமிழ் படிமேல் படி கட்டியது. யாரை 'நீ' என்பது, யாரை 'நீங்கள்' என்பது என்பதில் நம் சமுதாயத்தின் உயர்வு தாழ்வுகள் எவ்வளவு ஒளிந்திருந்தன என்பதை உங்கள் பாட்டன்மார் அறிவார்கள். வயல்வேலை செய்த முதியவரை நிலக்காரரின் சிறுபிள்ளை 'நீ' என்று அழைத்ததும், அம்முதியவர் அப்பிள்ளையைப் பன்மையில் அழைத்ததும் நம் சிற்றூர்களில் நான் என் கண்ணால் கண்டவை. இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை, அறப்பிழை இருந்தது.

இனி, இன்னாரென வரையறுக்காத பெயர்களுக்கு வருவோம். இங்கே தமிழின் அமைப்பு மிக அழகானது. 'யார்' என்னும் வினாச்சொல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு ஓகாரம் சேர்த்தால் 'யாரோ'. உம்மை சேர்த்தால் 'யாரும்'. 'ஆவது' சேர்த்தால் 'யாராவது'. இவ்வாறே எதுவோ, எதுவும், எதாவது. எங்கோ, எங்கும், எங்காவது. ஆங்கிலமோ வினாவிலிருந்து தொடங்காமல், 'சம்', 'எனி', 'எவ்ரி', 'நோ' என்னும் நான்கு அடைகளை 'படி', 'ஒன்', 'திங்' என்பவற்றின் முன்னே ஒட்டுகிறது. அடையை அறிந்தால் பொருள் விளங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கருத்தில் வையுங்கள். ஆங்கிலத்தின் 'நோபடி' என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. 'யாரும் வரவில்லை' என்னும்போது நாம் மறுப்பை வினையில் வைக்கிறோம். ஆங்கிலம் அதனைப் பெயரிலேயே வைத்து, 'நோபடி கேம்' என்கிறது. இதனை அறியாதவர் 'யாரும்' என்பதற்கு 'எனிபடி' என்று எழுதி, வினையிலும் மறுப்பை வைத்து, 'எனிபடி டிட் நாட் கம்' என்பார்கள். அது தமிழ்ச் சட்டகத்தில் ஆங்கிலச் சொல்லை அடைத்தது. மறுப்பு எங்கே குடியிருக்கிறது என்று பார்த்துவிட்டால் இப்பிழை உங்களை அணுகாது.

'எவ்ரிபடி' என்பதற்கு ஒருமை வினை ஏன்? தமிழின் 'எல்லாரும்' கூட்டத்தை ஒருங்கே பார்க்கிறது; ஆகவே 'எல்லாரும் வந்தார்கள்' என்கிறோம். ஆங்கிலச் சொல் கூட்டத்தை ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்கிறது. 'ஒவ்வொருவரும்' என்று மனத்துள் மொழிபெயர்த்துக்கொண்டால் ஒருமை தானே வரும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. 'ஒவ்வொருவரும் தம் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'தம்' என்பதற்கு அவனுடைய என்பதா, அவளுடைய என்பதா? ஆங்கில மக்கள் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே அவ்விடத்தில் 'அவர்கள்' என்னும் பன்மைச் சொல்லை வழங்கி வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் அது முறையன்று என்று கூறி, ஆண்பாற் சொல்லே இருபாலையும் குறிக்கும் என்று விதித்தார்கள். அவ்விதியை முதன்முதல் எழுதியவர்களுள் ஆன் பிசர் என்னும் ஓர் ஆசிரியையும் இருந்தார் என்பது வியப்பு. அவ்விதி சட்டத்திலும் ஏறியது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1850 இலும், இந்திய அரசு 1897 ஆம் ஆண்டின் பொதுச் சொற்றொகைச் சட்டத்திலும், ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள், பொருளிடம் மறுக்காதவிடத்து, பெண்பாலையும் அடக்கும் என்று எழுதிவைத்தன.

ஏட்டில் அடங்கிய பெண்பால் நாட்டில் அடங்கியதா? 1916 இல் ரெசினா குகா என்னும் பெண்மணி சட்டத்தேர்வில் வென்று, வழக்கறிஞராகப் பதிவு செய்யுமாறு கல்கத்தா உயர்நீதிமன்றத்தை வேண்டினார். வழக்கறிஞர் சட்டம் தகுதியுள்ள ஆள் என்று பொதுவாகவே பேசியது. ஆயினும் அச்சொல்லில் பெண் அடங்கார் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 1921 இல் சுதான்சுபாலா அசுராவின் வேண்டுகோளைப் பாட்னா உயர்நீதிமன்றமும் மறுத்தது. அதே ஆண்டில் கொர்னீலியா சொராப்சியை அலகாபாத்து உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரே சட்டம்; ஒரே சொல்; ஊருக்கொரு பொருள். 1923 இல் பெண்களுக்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றிய பின்னரே அவ்வழக்கு ஓய்ந்தது. 'ஆள் என்றால் யார்?' என்பது தேர்வுத்தாள் வினா மட்டும் அன்று. ஒரு பெண்ணின் வாழ்வைத் திறக்கவும் அடைக்கவும் வல்ல வினா.

ஆங்கிலம் தடுமாறிய இவ்விடத்தில் தமிழ் தடுமாறவில்லை. 'ஒருவர்' என்னும் சொல் இருபாலுக்கும் உரியது என்றும், ஒருவரையே குறித்தாலும் பன்மைக்குரிய முடிபினை ஏற்கும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. நன்னூலும் அதனை வழிமொழிகிறது. 'ஒருவர் வந்தார்' என்னும்போது ஆணும் அடங்குவர், பெண்ணும் அடங்குவர், மரியாதையும் குறைவதில்லை. ஒருவரைக் குறிக்கப் பன்மைச் சொல்லை வழங்கலாமா என்று ஆங்கில இலக்கணிகள் நெடுங்காலம் வாதிட்டார்கள். இன்று அவ்வழக்கை ஆங்கில அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. நம் இலக்கணமோ அதற்கு ஒத்த வழக்கினை இரண்டே நூற்பாவில் அமைதி கூறி முடித்துவிட்டது. இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இலக்கணத்தில் இடம் இருந்தும் நம் பெண்களுக்குப் பள்ளியில் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். சொல் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே அழைப்பது மனிதரின் கடமை.

நிறைவாக ஒரு சான்று. இந்திய அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 இல் ஏற்கப்பட்டு, 1950 சனவரி 26 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை ஆங்கிலத்தில் 'வீ' என்னும் சொல்லால் தொடங்குகிறது. ஆங்கிலச் சொல் மட்டும் கண்டால், அதைப் படிப்பவர் அதற்குள் இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று சொல்ல இயலாது. தமிழில் எழுதுபவர் தேர்ந்தாக வேண்டும். 'நாங்கள்' என்று எழுதியிருந்தால், யாரோ சிலர் கூடி முடிவு செய்து, அதனை நமக்கு அறிவிக்கிறார்கள் என்று பொருள்பட்டிருக்கும். உங்கள் பாடநூலின் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கே 'நாம்' என்றே இருக்கும். அச்சொல்லைப் படிக்கும் கணத்தில், பென்னாகரத்து மலையடியில் படிக்கும் மாணவியும் அரூர்ப் பேருந்தில் படிக்கும் மாணவனும், வீட்டில் எம்மொழி பேசுபவராயினும், அந்த உறுதியை எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவராகிவிடுகிறார்கள்.

ஆகவே நண்பர்களே, ஆங்கிலப் பிரதிப்பெயர்களைக் கற்கும்போது உங்கள் தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிடாதீர்கள். 'வீ' என்னும் சொல் வருமிடமெல்லாம், இது நாமா நாங்களா என்று கேளுங்கள். 'எவ்ரிபடி' வருமிடமெல்லாம், இதில் யார் அடங்குகிறார், யார் விடுபடுகிறார் என்று கேளுங்கள். மொழியறிவு அவ்வினாவில் வளரும். மனிதப் பண்பும் அதனோடு வளரும்.